பாலம் ஏறும் சத்தம்

கோத்தோ துவோ, பாயாகும்பு
29 ஏப்ரல் 1981

ஜமாரிஸ் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை நான் எழுதுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ரினாய்க்கு எழுதத் தெரியாது, அதனால் அவளுக்காக நான் பேனா பிடித்திருக்கிறேன். குதிரைக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது. அதை எழுத ஆரம்பித்தால் தாள் போதாது.

நீங்கள் போனதிலிருந்து அவள் ஓடுவதில்லை. தீனியில் பாதியை மிச்சம் வைக்கிறாள். காலையில் அவிழ்த்துவிட்டால் மேய்ச்சல் நிலத்தின் கீழ் மூலைக்குப் போய், பாலத்தைப் பார்த்தபடி நின்றுவிடுகிறாள். பாலத்தில் எந்த வண்டி ஏறினாலும் காது இரண்டும் நிமிர்கின்றன. வந்தது பஸ் என்றோ அரிசி லாரி என்றோ தெரிந்ததும் தொங்கிவிடுகின்றன. டத்துக் மாமா என் தம்பி ஹெர்மானை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, கயிற்றைக் கையில் கொடுத்து அவளை ஓட்டிப் பார்த்தார். அவள் நட்ட கம்பம் மாதிரி நின்றாள். ஹெர்மான்தான் வாய்க்காலில் விழுந்தான். உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

குட்டியாக இருந்தபோதிலிருந்து நம் கிழட்டு ஆஸ்டின் காரின் பக்கத்திலேயே ஓடிப் பழகியவள். நீங்கள் ஓட்டுவீர்கள், நான் பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பிடித்திருப்பேன், வயல் ரோட்டில் அவள் நம்மோடு ஓடி வருவாள். ஓடுவது என்றால் அந்தச் சத்தத்தோடு ஓடுவது என்றுதான் அவளுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை நீங்கள் பெக்கான்பாருவுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

தீனியில் பனைவெல்லம் எவ்வளவு சேர்ப்பீர்கள், வாத்து முட்டை ஒன்றா இரண்டா என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ரோஸ்னிதார்


பெக்கான்பாரு
8 மே 1981

ரோஸ்னிக்கு,

சலாமுக்குப் பதில் சொல்வது கடமை, அதனால் வ அலைக்குமுஸ்ஸலாம்.

வாத்து முட்டை இரண்டு. வெல்லம் உள்ளங்கை அளவு, தவிட்டோடு சேர்த்து நசுக்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தினமும் நசுக்கியது நீ, பக்கத்தில் நின்று வெட்டிப் பேச்சுப் பேசியது நான். தெரிந்ததையே கேட்டு எழுதுகிறாய் என்றால், வேறு ஏதோ கேட்க வந்து கேட்காமல் விட்டிருக்கிறாய். வாயைத் திறக்காமல் இருப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

பந்தயத் திடலில் அன்றைக்கு மற்ற எல்லாருடைய வாயும் திறந்துதான் இருந்தது. முடிவுக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்டினை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் ரினாய் பறந்து வருவாள் என்பது உன் மாமாவுக்குத் தெரியாதா? வருடா வருடம் கோப்பையை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தவர் யார்? தோற்றவர்கள் புகார் சொல்லி, நடுவர்கள் வெற்றியை ரத்து செய்ததும் அது என் திருட்டுத்தனம் ஆகிவிட்டது. குலத்தலைவர் டத்துக் இல்லையா, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "வந்த மாப்பிள்ளை வந்த மாப்பிள்ளையா இருக்கணும். குதிரை எங்க குலத்துது. உன்னோட ஓட்டை இரும்பை எடுத்துக்கிட்டுக் கிளம்புடா." நம் ஊரில் கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும் வீட்டோடு மாப்பிள்ளைகள்தான். ஆனாலும் அதை ஊர் கூடிய இடத்திலா சொல்வது?

நான் உன்னைப் பார்த்தேன். நீ ரினாயின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "மாமா, அவர் செஞ்சது நமக்காகத்தானே" என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை. அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்தது என்னவென்று உனக்கும் தெரியும், திடலுக்கும் தெரியும். ஒரு தலாக் சொன்னேன். சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன், ரினாய் அறுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். நிறுத்தவில்லை.

இங்கே தார்மிஸி என்பவரின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. நம் கிழவன் ஆஸ்டின் கொல்லையில் தார்ப்பாயின் கீழ் தூங்குகிறான். மேடு ஏறினால் எஞ்சின் தட்டுகிறது. அவனுக்கும் மனசு சரியில்லை போல.

ஜமாரிஸ்


கோத்தோ துவோ
17 மே 1981

மச்சான்,

ஆமாம், மண்ணைத்தான் பார்த்தேன். ஒலிபெருக்கிச் சத்தத்தில் ரினாய் இரண்டு காலில் எழும்பிக்கொண்டிருந்தாள். கடிவாளத்தை விட்டிருந்தால் நாலு பேரை மிதித்திருப்பாள். தலை நிமிர்ந்தால் அழுதுவிடுவேன், அழுதால் மாமாவுக்கு இன்னும் ஆத்திரம் வரும். வாப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர். அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நீங்கள் தரவில்லை. காலையில் கிழவனைக் கிளப்பினால், "அவசரப்படுத்தாதே, அவனுக்குச் சூடேறணும்" என்று சொல்லி ஒரு சிகரெட் முழுதும் குடித்து முடிப்பீர்கள். இரும்புக்குக் கொடுத்த பொறுமையைப் பெண்டாட்டிக்குக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள், உடனே தலாக் வந்துவிட்டது. இதற்கு மேல் திட்டி எழுதவும் தெரியும். உம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறார்.

நேற்று புக்கித்திங்கியிலிருந்து ஒரு குதிரை வண்டிக்காரர் வந்தார். ரினாயின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், முழங்காலைத் தடவினார். "ஓடாத குதிரைக்கு எதுக்குங்க முட்டை?" என்று மாமாவிடம் கேட்டார். மாமா சிரித்தார். நோன்பு பிறக்கும் வரை பார்ப்பாராம். அதற்குள் ஓடாவிட்டால் அவரிடம் விற்றுவிடுவாராம். அப்புறம் அவள் கழுத்தில் மணியைக் கட்டிக்கொண்டு சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையே வெங்காய மூட்டை இழுப்பாள்.

தலாக்குக்குப் பின் நான் காத்திருக்கும் இத்தாவும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் முடிகிறது. அதற்குள் நீங்கள் திரும்ப அழைத்துக்கொண்டால் நான் உங்கள் மனைவி. இல்லாவிட்டால் இல்லை. இரண்டு செய்தியையும் ஒரே தாளில் எழுதிவிட்டேன். எது உங்களுக்கு முக்கியம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்னிதார்


பெக்கான்பாரு
28 மே 1981

ரோஸ்னி,

உன் கடிதம் வந்த நாளில் ஒரு லாரியின் கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டிருந்தேன். அதைத் திரும்பப் பூட்டியபோது ஒரு திருகு கையில் மிச்சம். இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை.

தார்மிஸி அண்ணன் தினமும் கிழவனைச் சுற்றி வருகிறார். "ஏம்பா, இந்தச் சீக்காளி எஞ்சினைத் தூக்கி எறிஞ்சிட்டு ஜப்பான் எஞ்சின் ஒண்ணு போட்டுத் தரேன். மலையை முழுங்கிட்டுப் போகும். வெளியே இருந்து பார்த்தா எவனுக்கும் தெரியாது" என்கிறார். எனக்கு வந்ததே கோபம். "உங்க பொண்டாட்டிக்கு வயசானா நெஞ்சை எடுத்துட்டு வேற வைப்பீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்படி எஞ்சின் மாற்றுகிறவர்களை நீயும் நானும் எத்தனை முறை கேலி செய்திருக்கிறோம்! தோலுக்குள்ளே வேறு ஆள் என்பாய்.

உன் காது எனக்கு இங்கே இல்லை, அதுதான் பெரிய கஷ்டம். நான் பானெட்டைத் திறந்துவைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன். நீ அடுப்படியிலிருந்தே, "மூணாவது சிலிண்டர் முழுங்குது, அதைப் பாருங்க" என்று கத்துவாய். பார்த்தால் அதுதான். இங்கே பத்து மெக்கானிக் இருக்கிறார்கள், ஒருத்தனுக்கும் அந்தக் காது கிடையாது.

எனக்கு எது முக்கியம் என்று கேட்டிருக்கிறாய். பள்ளிவாசலில் ஓர் ஆலிமிடம் விசாரித்தேன். உன்னைத் திரும்ப அழைத்துக்கொண்டேன் என்று கடிதத்தில் எழுதினாலும் செல்லுமாம். எழுதட்டுமா? நீ சரி என்று ஒரு வரி போட்டால் போதும், அடுத்த கடிதத்தில் எழுதிவிடுகிறேன்.

ஜமாரிஸ்


கோத்தோ துவோ
6 ஜூன் 1981

மச்சான்,

எழுத வேண்டாம்.

வெட்டிவிட்டதைத் திடல் முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்கள். சேர்த்துக்கொள்வதை மட்டும் உறைக்குள் ஒட்டித் தபாலில் போடுவீர்களா? நான் கிணற்றடிக்குப் போனால் பேச்சை நிறுத்துகிற பெண்களிடம் கடிதத்தைப் பிரித்துக் காட்டவா? வந்து சொல்லுங்கள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் வராதீர்கள். கிழவனோடு வாருங்கள். ரினாய் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் ஓடிவிடுவாள், ஓடுவதை மாமா கண்ணால் பார்த்துவிட்டால் விற்க மாட்டார். அவர் பிடிவாதக்காரர்தான், ஆனால் குதிரை ஓடுவதைப் பார்த்தால் குழந்தையாகிவிடுவார்.

கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை தானாகப் படியேறக் கூடாது, பெண் வீட்டிலிருந்து ஆள் போய் அழைத்து வர வேண்டும், தெரியும். மாமா யாரையும் அனுப்ப மாட்டார். அதனால் நீங்கள் மேலே வர வேண்டாம். மேய்ச்சல் நிலத்தின் கீழ் மூலையில், மூங்கில் புதருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துங்கள். நானே இறங்கி வந்து அழைத்துப் போகிறேன். பெண்டாட்டியே போய் அழைப்பது எங்கும் கிடையாது, உம்மா தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும். அன்று எல்லார் முன்னாலும் பேசாமல் நின்றேன் இல்லையா, இன்று எல்லார் முன்னாலும் இறங்கி வருகிறேன். கணக்கு சரியாகிவிடும்.

எந்த நாள் என்றுகூட எழுத வேண்டாம், ரோட்டில் எங்கே எஞ்சின் மக்கர் செய்யுமோ யார் கண்டது. வீட்டிலிருந்து பார்த்தால் மூங்கில்தான் தெரியும், ரோடு தெரியாது. பரவாயில்லை. பாலம் ஏறும்போதே எனக்குக் கேட்டுவிடும். மூன்று அடி அடித்து ஒன்றை விழுங்குகிற எஞ்சின் இந்த ஜில்லாவில் வேறு யாரிடம் இருக்கிறது?

தேங்காய்ப்பாலில் வற்றவைத்து முட்டை ரெண்டாங் செய்துவைத்திருக்கிறேன். கெடாது. நீங்கள் வரும் வரை ஹெர்மானிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

ரோஸ்னி


பெக்கான்பாரு
18 ஜூன் 1981

என் ரோஸ்னி,

நேற்று கிழவனை வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்தேன். நகரத்தைத் தாண்டுவதற்குள் உள்ளே ஏதோ உடைந்தது. இழுத்துக்கொண்டுதான் வந்தோம். என்ன உடைந்தது என்று எழுதி உன்னைக் கலங்கவைக்க மாட்டேன். ஒன்பது வளைவு மலைப் பாதையை இந்த நிலையில் அவன் ஏற மாட்டான் என்று மட்டும் தெரிந்துகொள்.

ஆனால் நோன்புக்கு முன்னால் வந்துவிடுவேன். கிழவனோடுதான் வருவேன். எப்படி என்று கேட்காதே.

நீ சொன்ன இடத்திலேயே நிற்கிறேன். ஹாரன் அடிக்க மாட்டேன். டத்துக் வீட்டு வாசலில் ஹாரன் அடித்த மாப்பிள்ளை என்று காலத்துக்கும் பேச்சு நிற்கும். எஞ்சினை அணைக்காமல் ஓடவிடுகிறேன், நீ வா.

ஜமாரிஸ்


பெக்கான்பாரு
6 ஜூலை 1981

ரோஸ்னிதாருக்கு,

நான் வந்தேன். நோன்புக்கு முந்தின நாள், சாயங்கால அஸர் தொழுகை நேரத்துக்கு வந்து சேர்ந்தேன். இது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், வரவில்லை என்று நாளைக்கு நீ யாரிடமும் சொல்லக் கூடாது.

தார்மிஸி அண்ணனிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பழைய எஞ்சினில் மிச்சம் எதுவும் இல்லை, சாமான் ஜாவாவிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றார். உன் இத்தா அதுவரை காத்திருக்காது. அதனால் ஜப்பான் எஞ்சினைப் போட்டேன். கிழவனின் எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி இறக்கியபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். பழைய இரும்புக்காரன் அன்றே வந்து எடுத்துப் போனான். உனக்கு முன்கூட்டியே எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருந்தது. நேரில் சொன்னால் திட்டிவிட்டுச் சிரிப்பாய் என்று நினைத்தேன்.

மலையை அப்படியே விழுங்கினான். ஒரு தட்டல் இல்லை, ஒரு இருமல் இல்லை. வழியெல்லாம் யாரோ அந்நியனோடு உட்கார்ந்து போவது போல இருந்தது.

மூங்கில் பக்கம் நிறுத்தினேன். எஞ்சினை ஓடவிட்டேன். ரினாய் மேல் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தாள். காதை நிமிர்த்தினாள். கொஞ்ச தூரம் வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு வாலைக் காட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. அணைத்திருக்கலாம். அணைத்தால் உனக்குக் கேட்காதே என்று அணைக்கவில்லை.

உங்கள் அடுப்படிப் புகை மூங்கிலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. நீ வீட்டில் இருந்தாய். இறங்கி வருவாய் என்று சட்டையைக்கூட இழுத்துச் சரிசெய்துகொண்டேன். நேரம் போனது. பிறகு ஒரு ஜன்னல் படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. எந்த ஜன்னல் என்று எனக்குத் தெரியும். கீல் இறுகிப்போய், ஓங்கி அடித்தால்தான் சாத்துகிற உன் அறை ஜன்னல்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை நின்றேன். யாரும் வரவில்லை. குதிரையும் சொல்லிவிட்டது, நீயும் சொல்லிவிட்டாய். ஒரே வித்தியாசம், குதிரை முகத்துக்கு நேராகச் சொன்னது.

இனி எழுத மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஜமாரிஸ்


கோத்தோ துவோ
15 ஜூலை 1981

மச்சான்,

அப்படி உங்களை அழைக்க இப்போது எனக்கு உரிமை இல்லை. பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தை ஹெர்மான் கொண்டுவந்து கொடுத்தபோது நான் வெயிலில் தலையை உலர்த்திக்கொண்டிருந்தேன். அன்று காலைதான் கடைசிக் குளியல் குளித்து என் இத்தா முடிந்தது. ஈரத் தலையோடு படித்தேன். மறுபடியும் படித்தேன். உம்மா என்னவென்று கேட்டார். "குதிரைக்குத் தீனி எழுதியிருக்கார்" என்று சொன்னேன்.

நோன்புக்கு முந்தின நாள் எலுமிச்சை போட்டுக் குளிக்க ஊரே ஆற்றுக்குப் போயிருந்தது. உம்மா, மாமா, ஹெர்மான் எல்லாரும் போய்விட்டார்கள். தலைவலி என்று பொய் சொல்லி நான் மட்டும் இருந்துகொண்டேன். நீங்கள் வருவதானால் அன்றுதான் வர வேண்டும், அதற்குப் பிறகு நாளே இல்லை. ரெண்டாங்கைச் சுடவைத்தேன். நீங்கள் வாங்கித்தந்த பச்சை பாஜுவைப் போட்டுக்கொண்டேன். மேய்ச்சல் நிலத்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு அதன் அடியிலேயே உட்கார்ந்தேன்.

அஸர் வாக்கில் பாலத்தில் ஒரு வண்டி ஏறியது. ஒரு அடிகூடப் பிசகாத, எதையும் விழுங்காத எஞ்சின். நான் எழுந்திருக்கவில்லை. வண்டி கீழே வந்து மூங்கில் பக்கம் நின்றது. உரம் ஏற்றி வந்தவர்களாக இருக்கும், ஆற்றில் குளித்துவிட்டு வர நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் எஞ்சினை அணைக்கவே இல்லை. ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. இந்த இரைச்சலில் நம் கிழவன் பாலம் ஏறுவது எனக்குக் கேட்காமல் போய்விடுமே என்று பயந்தேன். "எவன்டா அவன், அணைச்சுத் தொலையேன்!" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். உங்களுக்கு அது கேட்டிருக்காது.

ஹாரனை ஒரே ஒரு தடவை அடித்திருக்கலாம். உங்களுக்கு என் ஜன்னலின் சத்தம் தெரிந்திருக்கிறது. நான் எஞ்சினை மட்டும்தான் தெரிந்துவைத்திருந்தேன்.

ரினாயைத் திங்கட்கிழமை கொண்டுபோனார்கள். கயிற்றைப் பிடித்ததும் எதிர்க்காமல் நடந்தாள். பாலத்தில் ஏறியதும் நின்று காதை நிமிர்த்தினாள். வண்டிக்காரர் தட்டிக்கொடுத்து இழுத்துப்போனார். புக்கித்திங்கி மணிக்கூண்டுப் பக்கம் போனால், நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருக்கும், உங்களுக்குத் தெரியாததா, பக்கத்தில் போய்க் கழுத்தைத் தடவிக்கொடுங்கள். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

புதிதாக நிக்காஹ் செய்துகொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது என்கிறார் பள்ளிவாசல் லெபை. அதற்கு மாமா சம்மதிக்க வேண்டும். நேற்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "மூணு மாசமா எட்டிப் பார்க்காதவனுக்கா?" என்றார். நீங்கள் வந்து நின்றதைச் சொன்னேன். அழுதுகொண்டே, அவர் முகத்தைப் பார்த்து, சத்தமாகவே சொன்னேன். "மூங்கில் பக்கம் நின்ன வண்டியா? அதை ஆத்துலேருந்து வரும்போது நாங்களும் தூரத்துலேருந்து பார்த்தோம். ஆஸ்டின் மாதிரி இருந்துச்சு, சத்தம் வேறயா இருந்துச்சு, வேற யாரோன்னு வந்துட்டோம்" என்றார். பிறகு தொழப் போய்விட்டார்.

நீங்கள் கேட்ட ஜன்னல் சத்தம் உண்மைதான். சாத்தியது நான்தான். அந்த வண்டியின் இரைச்சல் காதில் விழாமல் இருக்கட்டும் என்று சாத்தினேன். சாத்திவிட்டு, வீட்டின் மறுபக்கம் போய், பாலம் இருக்கும் திசை ஜன்னலைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். அந்த வண்டி சீக்கிரம் போய்விட வேண்டும் என்று துஆ கேட்டேன். மஃரிபுக்கு அது போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, செருப்பைக் கழற்றாமல், இருட்டில் உங்களுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ரோஸ்னி